பார்த்தவர் பேர்

"இதை யார் பார்த்தது?"

கும்மிடிப்பூண்டியில் இந்தக் கேள்வியைக் கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. நாள் முழுக்க வெயிலில் அலைந்துவிட்டு வந்து ஒரு நம்பரைச் சொன்னால், அந்த மேடம் தலையைக்கூட நிமிர்த்தாமல் இதைத்தான் கேட்பார். எவ்வளவு, எங்கே, எப்போது எல்லாம் அப்புறம்.

"கம்பெனி குடுத்த பேப்பர்ல கீது மேடம்" என்பேன்.

"பேப்பருக்குக் கண்ணு இருக்காண்ணா?"

இப்படிப் பேசினால் யாருக்குப் பிடிக்கும்? எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயசு. அவருக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு குறைவு. வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, மறுபடி கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து, ஒன்பது மணிக்கு ஆபீஸில் இருப்பார். போக வர நாலு மணி நேரம் போய்விடும். அந்த அலுப்பெல்லாம் எங்கள் மேல்தான் வந்து விடியும்.

ஆபீஸ் என்றால் பெரிசாக நினைக்க வேண்டாம். ஜி.என்.டி. ரோட்டில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே ரெண்டு ரூம், ரெண்டு கம்ப்யூட்டர். முதலாளியை சார் என்போம். கம்பெனிக்காரர்கள் அனுமதி வாங்குவதற்குக் காற்று, தூசி பற்றி ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பது தொழில். தூசி பிடிக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடிகளில் வைத்து ஓட்டுவது என் வேலை. ஆள் இல்லாதபோது டைப்பும் அடிப்பேன்.

அதற்கு முன்னால் பத்து வருஷம் பழைய இரும்பை உருக்குகிற ஃபர்னஸில் இருந்தேன். முகமூடி கேட்டோம் என்று ஆறு பேரை ஒரே நாளில் வெளியே தள்ளினார்கள். நான் அதில் ஒருவன். அந்த ஃபர்னஸின் பின்பக்கச் சுவருக்கு அந்தாண்டை எங்கள் ஊர். வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் சாயங்காலம் சாம்பல் கலரில் எடுப்போம். என் சின்னப் பெண்ணுக்கு மூச்சு வாங்கும். வாரத்தில் ரெண்டு நாள் டவுனுக்குத் தூக்கிப் போய் ஆஸ்பத்திரியில் மூக்கில் மருந்துக் காற்று மெஷின் வைத்துக் கூட்டி வருவேன். இதெல்லாம் பரிதாபத்துக்குச் சொல்லவில்லை. கதைக்கு வேண்டியிருக்கிறது.

அதே ஃபர்னஸ் கம்பெனி ரெண்டாவது உலை போட அனுமதி கேட்டது. ரிப்போர்ட் வேலை எங்கள் ஆபீஸுக்கு வந்தது. அதற்கு மாடல் ஓட்டத்தான் மேடத்தைச் சேர்த்தார்கள்.

மாடல் என்றால் கம்ப்யூட்டரில் ஓடுகிற கணக்கு, அவ்வளவுதான். எங்கே எவ்வளவு புகை வருகிறது, எந்த உயரத்தில் வருகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கொடுத்தால், எந்த ஊரில் எவ்வளவு தூசி விழும் என்று சொல்லும். சார் அதுவரை வைத்திருந்தது சின்ன மாடல். அதற்குச் சிம்னி லிஸ்ட் மட்டும் போதும். இந்தத் தடவை அனுமதி கொடுக்கிற அதிகாரிகள் பெரிய மாடலில் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டார்கள். அது ஊரையெல்லாம் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளும். கட்டத்துக்குள் சிம்னி மட்டுமில்லை, லாரி, செங்கல் சூளை, ஓட்டல் அடுப்பு எல்லாம் கேட்கும். எத்தனை மணிக்கு எவ்வளவு என்று கேட்கும். பதில் இல்லாமல் விட்டால் சும்மா இருக்காது. எந்த நாட்டிலோ யாரோ அளந்த சராசரி ஒன்றை அதுவே போட்டு நிரப்பிக்கொள்ளும்.

"பழைய லிஸ்ட்டை புது லிஸ்ட்டா மாத்தணும், அவ்ளோதாம்மா. பாத்திரம் மாத்தி ஊத்தற வேலை" என்றார் சார் முதல் நாளே.

"பாத்திரம் மாத்தும்போதுதான் சார் சிந்தும்" என்றார் மேடம்.

அடுத்த வாரமே ஒன்று சிந்தியது கண்ணில் பட்டது. பழைய லிஸ்ட்டைப் பெரிய மாடலில் ஏற்றினால் ஒரு சிம்னியைக் காணோம். தேடினால் பெரியபாளையம் தாண்டி ஒரு வயலில் நிற்கிறது. பதின்மூன்று டிகிரி இருபத்துநாலு நிமிஷம் என்று தாளில் இருந்ததை யாரோ பதின்மூன்று புள்ளி இருபத்துநாலு என்று அடித்திருக்கிறார்கள். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிஷம். நூறு இல்லை. யாரோ என்ன யாரோ, நான்தான் அடித்தேன்.

"அண்ணா, உங்க சிம்னி சேத்துல எறங்கி நாத்து நட்டுக்கினு இருக்கு. கூப்பிடுங்க, வெயில் ஏறுது" என்றார்.

எனக்கு மூஞ்சி செத்துவிட்டது. சார் சமாதானம் சொன்னார். "எத்தனையோ சிம்னில ஒண்ணும்மா. இத்தனை கட்டத்துல அது தெரியவா போவுது?"

"அந்த வயல்காரனுக்குத் தெரியும் சார். அவன் தலைமேலதான் கொட்டிக்கினு இருக்கு."

அன்றைக்குத்தான் மேடம் லிஸ்ட்டின் வலது ஓரத்தில் புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்த்தார். தலைப்பு: பார்த்தவர். ஒவ்வொரு வரிக்கும் நேராக, அதைக் கண்ணால் பார்த்த ஆளின் பேர். சின்ன மாடலும் அதைக் கேட்கவில்லை, பெரிய மாடலும் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தோடு ஏற்றினால் மாடல் ஓடாமல் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் அதை வெட்டிவிட்டு ஏற்றுவார். ஓடி முடிந்ததும் மறுபடி ஒட்டிவைப்பார். தினம் ஒரு மணி நேரம் இதற்கே போகும்.

"மாடலே துப்புதேம்மா, நீ ஏன் ஊட்டற?" என்பார் சார்.

"துப்பட்டும் சார். நான் அதுக்கு ஊட்டல. அப்புறம் படிக்கறவங்களுக்கு வெக்கறேன்."

அதற்கு அவர் வைத்த சட்டங்கள் பேஜாரு. கேட்காமல் யார் பேரையும் போடக் கூடாது. "உங்க பேரைப் போடட்டுமாண்ணா?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்பார். அவனவன் பார்த்த வரிகளை மட்டும் தனித்தாளில் எடுத்து, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவார். ஒரு நகல் அவனுக்கே. ஓட்டல்காரன், லாரி கிளீனர், சூளையில் கல் அடுக்குகிற பெண் வரைக்கும் அந்தத் தாள் போனது. முதல்முறை என் பேரைக் கேட்டபோது ஏழுமலை என்றேன்.

"எந்த ஏழுமலை?"

"இன்னா மேடம், நான்தான்."

"உங்க ஃபர்னஸ்லயே மூணு ஏழுமலை இருந்தாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. இனிஷியல் சொல்லுங்க. நாளைக்கு எவனாவது, அது வேற ஏழுமலைன்னு சொல்லிட்டா?"

கே. ஏழுமலை. எழுதிக்கொண்டார். என் பேரை இனிஷியலோடு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை, போலீஸ் ஸ்டேஷனைத் தவிர.

கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அது சிம்னிக்கு. காலையில் சிம்னியின் நிழல் காம்பவுண்டைத் தாண்டி ரோட்டில் விழும். குடையை ரோட்டோரம் நட்டு அதன் நிழலை அளப்பார். சிம்னியின் நிழலையும் அளப்பார். குடையின் உயரம் தெரியும், மிச்சம் கணக்கு. கம்பெனி பேப்பரில் முப்பது மீட்டர் என்று இருக்கும். நிழல் இருபத்திரண்டு என்று சொல்லும்.

ஒரு வாட்ச்மேன் சிரித்தான். "இன்னாமா, குடைய நட்டுட்டு நீ வெயில்ல நிக்கற?"

"குடைக்குக் குளிருதாம்" என்றார், டேப்பை மடக்கிக்கொண்டே. செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அவர் எங்களோடு இருந்த மூணு மாசமும் அதே ஊக்கு.

கூரை விஷயத்தை நான்தான் ஆரம்பித்தேன். ஃபர்னஸ் சிம்னியின் கணக்கை அவர் போட்டுக்கொண்டிருந்தபோது சிரித்துவிட்டேன்.

"இன்னாண்ணா?"

"சிம்னி வழியா எங்க மேடம் புகை வரும்? உலை மேல ஒரு மூடி கீது, அதுதான் புகைய இழுத்து சிம்னிக்குத் தள்ளும். ஸ்கிராப் கொட்டணும்னா மூடிய நவுத்தியாவணும். அப்போ எல்லாப் புகையும் கூரைக்குப் போயி, மேல ஓடு பிரிஞ்ச எடத்துல வெளிய வந்து, நேரா எங்க ஊட்டு மேல எறங்கும். பத்து வருஷம் உள்ள நின்னவன் நான்."

தலையை நிமிர்த்தினார். அதிசயம். "யார் பார்த்ததுன்னு கேக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அவரே எங்கள் ஊர் ஏரிக்கரையில் வந்து உட்கார்ந்தார். ஆம்பளை வாட்ச் ஒன்று கட்டியிருப்பார். கூரையிலிருந்து எப்போது புகை கிளம்புகிறது, எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று மூணு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுதினார். பழைய கூட்டாளி ஒருத்தனிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஸ்கிராப் கொட்டுகிறார்கள் என்று நான் கேட்டுச் சொன்னேன். ரெண்டும் ஒத்துப்போனது. அப்புறம்தான் லிஸ்ட்டில் புது வரி ஏறியது: கூரை. உயரம் கூரையின் உயரம். பார்த்தவர் என்ற இடத்தில் என் பேரும் அவர் பேரும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வருஷம் யாரிடம் சொன்னாலும் "சரி சரி" என்று கேட்டுவிட்டுப் போன விஷயம், கம்ப்யூட்டரில் ஒரு வரியாக நிற்கிறது.

ஆனால் ஏரிக்கரையில் உட்கார்ந்தவர் கூரையை மட்டுமா பார்ப்பார்?

மூணாம் நாள் சாயங்காலம் கரையின் அந்தக் கோடியில் கரும்புகை கிளம்பியது. என் மச்சான், என் சம்சாரத்தின் தம்பி, பழைய வயர் வாங்கி எரிப்பான். பிளாஸ்டிக் போய் செம்பு மிஞ்சும். ஊரில் அஞ்சாறு குடும்பம் அதில்தான் சாப்பிட்டது.

"அது இன்னாண்ணா?"

"தெரியல மேடம்."

என்னைப் பார்த்தார். வாட்ச்சைப் பார்த்து மணியை எழுதினார். மறுநாள் லிஸ்ட்டில் "ஏரிக்கரை, வயர் எரிப்பு" என்று ஒரு வரி இருந்தது. பார்த்தவர் கட்டத்தில் அவர் பேர் இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் பேர் அளவுக்கு இடம் காலியாக விட்டிருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே டைப் அடித்தேன். மூணாம் நாள் நானே போய் நின்றேன்.

"கம்பெனிக்காரன் மலை மலையா உடறான். என் மச்சான் ஒரு மூட்டை வயர் எரிச்சா அதையும் எழுதணுமா?"

"உங்க பொண்ணு மூக்கு ரெண்டையும் பிரிச்சுப் பாக்குமாண்ணா?"

வந்த கோபத்துக்கு மேஜையைத் தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் அந்தக் காலி இடத்தில்தான் விரலை வைத்தேன். "போட்டுக்கோ மேடம்" என்றேன். எத்தனை மூட்டை, வாரத்தில் எத்தனை நாள் எல்லாம் சொன்னேன். தாளில் கையெழுத்தும் போட்டேன். ஒரே தாள். மேலே கூரை, கீழே வயர். ரெண்டுக்கும் நேரே கே. ஏழுமலை.

வீட்டில் இது தெரிந்து என் சம்சாரம் தட்டை நகர்த்திவிட்டாள். "என் தம்பியக் காட்டிக் குடுத்துட்டு வந்து சோறு கேக்கறியா? அந்தப் பொம்பள ஊட்டுலயே போய்த் துன்னு." மச்சான் நாலு மாசம் என்னோடு பேசவில்லை.

லிஸ்ட் முடிந்தது. பெரிய மாடல் முதல் தடவை ஓடியது. திரையில் எங்கள் ஊர் இருந்த கட்டம் ரத்தச் சிவப்பாக வந்தது. சார் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு மேடம் பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப அன்பாகப் பேசினார்.

"பழைய லிஸ்ட்ல கூரைன்னு ஒண்ணு இல்லம்மா. புதுசா முளைச்சா கேள்வி வரும். அந்தப் புகைய எடுத்து சிம்னி வரியில கூட்டிடு. நான் ஒண்ணும் மறைக்கச் சொல்லல. மொத்தம் அதே கிலோதானே?"

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். நானே தலையாட்டியிருப்பேன்.

"கிலோ அதேதான் சார். விழற எடம் வேற. சிம்னி உச்சியில உட்டா காத்து எங்கியோ கொண்டுபோயி நூறு ஊருக்குத் தூவும். கூரையில உட்டா இவர் ஊட்டு மேல விழுது. நீங்க ஒரு வரியத் தூக்கி இன்னொரு வரியில வெக்கறீங்க. ஒரு ஊரையே தொடைச்சிடறீங்க."

"யார் பார்த்தது, அந்தக் கூரைய? வேலையவிட்டு நிறுத்துன ஆளு. கம்பெனி மேல காண்டுல சொல்றான். அது சாட்சியா?"

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். மெஷின் கையில் இருந்தது.

"காண்டு இருந்தா கண்ணு அவிஞ்சிடுமா சார்? அதே ஆள்தான் சொந்த மச்சானையும் எழுதிக் குடுத்திருக்காரு. அத ஏன் நீங்க சாட்சி இல்லன்னு சொல்லல?"

சார் எழுந்து போய்விட்டார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் கூரை வரி இல்லை. சிம்னி வரியில் எண் கூடியிருந்தது. வயர் வரி மட்டும் அப்படியே இருந்தது. பார்த்தவர் கட்டம் மொத்தமாகப் போயிருந்தது. மேடம் ஒரு நிமிஷம் பார்த்தார். கம்ப்யூட்டரை அணைத்தார். டிபன் டப்பாவைப் பையில் போட்டார்.

"நான் செஞ்ச லிஸ்ட் இது இல்ல சார். என் பேர் இதுல எங்கியும் வரக் கூடாது" என்று வாசலில் நின்று சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உங்க தாள் உங்ககிட்ட இருக்குல்லண்ணா?"

"கீது மேடம்."

"அது உங்களுது. யார் கேட்டாலும் குடுக்காதீங்க."

குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. இந்தக் கதையிலும் அவர் பேரை எழுதவில்லை. கேட்காமல் போடக் கூடாது என்பது அவர் சட்டம். கேட்க ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

உலை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். வந்தது. ஒரு வருஷம் தள்ளி வந்தது. கூரை முழுக்க அடைத்து, புகையை இழுக்கிற குழாய் வைத்த பிறகுதான் வந்தது. அந்தக் குழாய் சில நாள் ஓடுகிறது, சில நாள் ஓடுவதில்லை. யார் பார்த்தது என்றால், நான் பார்க்கிறேன். தேதி போட்டு எழுதி வைக்கிறேன். அந்தக் குழாய் வந்ததற்குக் காரணம் என்னவென்று கம்பெனி ஆயிரம் சொல்லும். அனுமதிக்கு முன்னால் ஊர் ஜனத்தைக் கூப்பிட்டு வைத்த கூட்டத்தில் நடந்ததை மட்டும் நான் சொல்கிறேன்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். வாசலில் பிரியாணிப் பொட்டலம் அடுக்கியிருந்தது. மேடையில் பெரிய அதிகாரி, பக்கத்தில் நோட்டில் எழுதிக்கொள்ள ஒருவர். எங்கள் சார் முதல் வரிசையில் இருந்தார். டை கட்டிய கம்பெனி ஆள் ஒருத்தன் திரையில் படம் காட்டினான். எங்கள் ஊர்க் கட்டம் பச்சை. சின்னக் குழந்தை வரைந்த மாதிரி பசேல் என்று இருந்தது. ஏரிக்கரையில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு.

"இந்த ஊருக்கு ஆலையால பாதிப்பு இல்லை. இங்கே தெரியறது கிராம மக்களே வயர் எரிக்கறதால வர்ற மாசு" என்றான்.

மண்டபமே மச்சானைத் திரும்பிப் பார்த்தது. மச்சான் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை.

சார் உட்கார்ந்திருக்கிறார், வேலை போய்விடும் என்று தெரியும். எழுந்தேன். மைக்கை வாங்கினேன்.

"அந்தச் செவப்புப் பொட்டு உண்மைதான் சார். அதப் பார்த்துச் சொன்னவன் நான். எரிக்கறது என் மச்சான். இதோ உக்காந்துகினு கீறான்."

"மாமா!" என்று கத்தினான் மச்சான். ஜனம் கூச்சல் போட்டது. டை கட்டியவன் சிரித்துத் தலையாட்டினான்.

தாளைப் பிரித்துத் தூக்கிக் காட்டினேன். "இந்த ரிப்போர்ட் எழுதுன ஆபீஸே குடுத்த தாளு சார். கீழ் வரி வயரு. மேல் வரி ஃபர்னஸ் கூரை. ரெண்டையும் பார்த்தவன் ஒரே ஆளு, ரெண்டுக்கும் ஒரே கையெழுத்து. கீழ் வரிய எடுத்துப் படம் போட்டுட்டாங்க. மேல் வரி எங்க போச்சு? நான் பொய்யன்னா வயரையும் அழிங்க. நான் உண்மைன்னா கூரையையும் போடுங்க. ஒரே ஆளப் பாதி நம்பறது இன்னா கணக்கு?"

டை கட்டியவன் சிரிப்பை நிறுத்தினான். எங்கள் சார் குனிந்து செருப்பைப் பார்த்தார். கூச்சல் அடங்கிவிட்டது. அதிகாரி தாளை வாங்கி, ரெண்டு தடவை படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "பதிவு பண்ணிக்கோங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் எழுதினார். "சரி, நீங்க போய் உக்காருங்க."

நான் உட்காரவில்லை. மேடையில் ஏறிப் போய் நோட்டைப் பார்த்தேன். கூரைப் புகை பற்றி எழுதியிருந்தார். "என்று கிராமவாசி ஒருவர் தெரிவித்தார்" என்று முடித்திருந்தார்.

"கிராமவாசி யாரு சார்? ஊர் மொத்தமும் கிராமவாசிதான். பார்த்தது நான். என் பேரைப் போடுங்க."

"அதெல்லாம் வழக்கம் இல்லப்பா. எறங்கு."

"எறங்கமாட்டேன். பேரைப் போடுங்க."

பின்னால் யாரோ "ஏழுமலைன்னு போடுங்க சார்" என்றார்கள். குரல் தெரிந்த குரல். என் மச்சான்.

அவர் பேனாவைத் திறந்தார். கிராமவாசியை அடித்துவிட்டு, மேலே ஏழுமலை என்று எழுதினார்.

"எந்த ஏழுமலை?" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். இனிஷியலைப் போடுகிறவரைக்கும் அங்கேயே நின்றேன்.